டயலிசிஸ் தாளில் ஒட்சிசனுக்கும் ஒரு நிரல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டயலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்புப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் அட்டையில் செருகிய தாளொன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நேரம், குருதி அமுக்கம், நாடித்துடிப்பு, இயந்திரத்தினூடே குருதி ஓடும் வேகம், அதுவரை வெளியேற்றப்பட்ட நீரின் அளவு, குருதி உறையாதிருக்க இடப்பட்ட ஹெப்பரின் மருந்து என்று அதில் நிரல்கள் வகுக்கப்பட்டிருக்கும். தாதி அரை மணிக்கொரு தடவை வந்து அவற்றை நிரப்புவார். நான்கு மணி நேரம் முடிகையில் தாளும் நிறைந்துவிடும். நான் என் தங்கையுடன் போய்வரும் பிரிவில் தொங்கும் தாளில், நோயாளியின் குருதியில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்பதை எழுத இடமில்லை. அந்த ஒரு நிரலைச் சேர்க்குமாறு மத்திய, ஊவா மாகாணச் சுகாதாரத் திணைக்களங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்பதற்கே இக்கடிதத்தை எழுதுகிறேன். வேறு வைத்தியசாலைகளின் தாள்களில் அந்நிரல் ஏற்கெனவே இருக்குமாயின் மகிழ்ச்சி. அவர்கள் இதைப் படித்துவிட்டுப் புன்னகைத்து விட்டுவிடலாம்.

நான் கந்தப்பளைப் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்ட மருந்தகங்களில் காய்ச்சல், கட்டு, பிரசவம் என்று பார்த்தவனேயன்றிச் சிறுநீரக நோயில் நிபுணனல்லன். என் தங்கைக்கு நீரிழிவினால் இரு சிறுநீரகங்களும் பழுதடைந்தன. மூன்று ஆண்டுகளாக வாரத்துக்கு இரு தடவை அவருக்கு டயலிசிஸ் நடக்கிறது. லயத்தில் இதை "ரத்தம் கழுவுறது" என்பார்கள். அவருடைய மகன் கொழும்பில் வேலை செய்வதால் பெரும்பாலும் நானே துணைக்குப் போகிறேன். வைத்தியசாலையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அங்குள்ள தாதியரின் பொறுமையை மூன்று ஆண்டுகளாகக் கண்ணால் கண்டவன் நான்; நான் சொல்லப்போகும் குறை அவர்களுடையதன்று.

கடந்த தை மாதத்தில், புல்வெளியெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்த ஒரு காலையில் அது நடந்தது. விடியற்காலை நான்கரைக்கு வீட்டிலிருந்து புறப்பட்டு, ஏழு மணிக்குத் தங்கையைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஊசிகளைச் செருகி இயந்திரம் ஓடத் தொடங்கி ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் அவர் கண் அயர்ந்தார். டயலிசிஸின்போது உறங்குவது வழக்கம்தான். ஆனால் அன்று உறக்கத்தினூடே அடிக்கடி கொட்டாவி விட்டார். மூச்சு சில கணங்கள் நின்று, பின் ஓர் இழுப்புடன் திரும்பியது. உதடுகளின் ஓரம் சற்றே நீலம் பாரித்திருந்ததாக எனக்குப் பட்டது. குருதி அமுக்கம் 130க்கு 70. தாளின்படி எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் ஒட்சிசன் மானியொன்று என் பையில் கிடந்தது. அவசரத்தில் அதைக் கம்பளிக்கு வெளியே கிடந்த கையின் விரலில் மாட்டினேன். 84 சதவீதம் என்று காட்டியது. என் கூச்சலைக் கேட்டு ஓடிவந்த தாதி முதலில் செய்தது என் தவறைத் திருத்தியதுதான். நான் மாட்டியது பிஸ்டியுலா கை. டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்திருக்கும் அக்கையில், விரல்களுக்குப் போக வேண்டிய குருதியில் ஒரு பகுதி அந்த இணைப்பின் வழியே திரும்பிவிடுவதால் மானியின் கணக்குப் பிசகக்கூடும். அவர் மற்றக் கையை எடுத்து, தம் இரு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து ஒரு நிமிடம் தேய்த்துச் சூடாக்கி, பிறகு மானியை மாட்டினார். 88. முப்பது ஆண்டு அனுபவம் என்று மார்தட்டும் நான் அன்று அந்தப் பெண்ணிடம் பாடம் கற்றேன் என்பதை ஒளிப்பதற்கில்லை.

கடமையிலிருந்த வைத்தியர் வந்து மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் ஒட்சிசன் கொடுக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் 95க்கு ஏறியது. அதன் பின் அவர் கேட்ட கேள்விக்குத்தான் எங்களில் எவரிடமும் விடை இருக்கவில்லை: "தொடங்கும்போது எவ்வளவு இருந்தது?" கட்டிலுக்கு வரும்போதே 88ஆக இருந்ததா, இயந்திரத்தில் ஏற்றிய பின் இறங்கியதா, போன வாரமும் இப்படி இறங்கியதா, மூன்று ஆண்டுகளாகவே இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதற்கு ஒரு கட்டுத் தாள்களில் ஓர் எண் கூட இல்லை.

டயலிசிஸின்போது குருதியில் ஒட்சிசன் இறங்குவது புதிய செய்தியன்று. 1970களிலேயே வைத்தியர்கள் அதைக் கவனித்தார்கள். இயந்திரத்தில் ஏற்றி அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள், நாடிக் குருதியின் ஒட்சிசன் அமுக்கம் பத்து, பதினைந்து மில்லிமீற்றர் இரசம் வரை வீழ்வது அன்று சாதாரணமாகக் காணப்பட்டது. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. அக்காலத்து டயலிசிஸ் திரவத்தில் அசற்றேற்று என்ற உப்பு கலந்திருந்தது. அத்திரவத்தினுள் உடலின் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். காபனீரொட்சைட்டு குறைந்தால் மூளை, மூச்சை மெதுவாக்கச் சொல்லும். மூச்சு மெதுவானால் ஒட்சிசன் குறையும். மற்றது வடிகட்டி பற்றியது. பருத்தியிலிருந்து எடுத்த செலுலோசால் ஆன அன்றைய வடிகட்டியைக் குருதி தொட்டதும், உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு கிளர்ந்தெழும். வெண்குருதிக் கலங்கள் திரண்டு நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். 1977ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக்கினார்கள்.

இன்று அசற்றேற்றின் இடத்தில் பைகாபனேற்று வந்துவிட்டது. பொலிசல்போன் போன்ற செயற்கை இழை வடிகட்டிகள் வந்துவிட்டன. ஆகவே பிரச்சினை தீர்ந்தது என்று நானும் எண்ணியிருந்தேன். தீரவில்லை. டயலிசிஸுக்கு வரும் நோயாளியின் குருதியில் அமிலம் கூடியிருப்பதால் அதை ஈடுசெய்ய அவர் ஆழமாகவும் விரைவாகவும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். பைகாபனேற்று அந்த அமிலத்தை விரைவாகத் தணித்ததும் மூச்சின் உந்துதலும் தணிந்துவிடுகிறது. இரண்டு டயலிசிஸுக்கு இடையே உடலில் தேங்கும் நீர் நுரையீரலிலும் அதைச் சூழ்ந்த உறையிலும் தங்குகிறது. உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயும் சிறுநீரக நோயாளர்களிடம் மிகப் பரவலாக உண்டு. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், டயலிசிஸ் நேரத்தில் குறைந்தது மூன்றிலொரு பங்குக்கு ஒட்சிசன் செறிவு, அதாவது மானி காட்டும் எண், 90 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த நோயாளர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் என்று கண்டார்கள். வைத்தியசாலையில் சேர்க்கப்படுவதும் இறப்பும் அவர்களிடையே மற்றவர்களிலும் கூடுதலாக இருந்தன. ஒட்சிசன் இறங்கியதே அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கிறது என்ற அளவில் அதை எடுத்துக்கொள்கிறேன்.

இனி நம் மலையைப் பற்றி. சமவெளியில் வசிப்பவர்களுக்கு எழுதப்பட்ட பாடப்புத்தகங்களில் இது வராது.

மலைநாட்டுச் சமையலறையில் நின்ற எவருக்கும் பருப்பு இங்கே சீக்கிரம் வேகாது என்பது தெரியும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அமுக்கம் குறைவாதலால் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பை வேகவிடாத அதே காற்றைத்தான் நாமும் மூச்சாக இழுக்கிறோம். காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான். ஆனால் கொழும்பில் 760 மில்லிமீற்றர் இரசமாக இருக்கும் காற்றமுக்கம் நுவரெலியாவில் ஏறத்தாழ 610 மட்டுமே. இதனால் கொழும்பில் ஆரோக்கியமான ஒருவரின் நாடிக் குருதியில் ஒட்சிசன் அமுக்கம் 95ஐ ஒட்டி இருக்க, நுவரெலியாவில் அதே ஆரோக்கியமுள்ளவருக்கு 70ஐ ஒட்டியே இருக்கும். விரல் மானியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது: கொழும்பில் 98 என்றால் இங்கே 94, 95.

தெரியாமல் போவதற்குக் காரணம், குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் இயல்பு. ஒட்சிசன் அமுக்கம் 95இலிருந்து 70க்கு இறங்கும் வரை அது தன் பிடியை அதிகம் தளர்த்துவதில்லை. 60ஐத் தாண்டிக் கீழே போகும்போது மளமளவென்று விட்டுவிடுகிறது. 60 என்பது செறிவில் ஏறத்தாழ 90 சதவீதம். கொழும்பில் டயலிசிஸில் ஒருவருக்குப் பதினைந்து இறங்கினால் அவர் 80இல் நிற்பார். மானி 95 காட்டும். எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் தேவையில்லை. நுவரெலியாவில் அதே பதினைந்து இறங்கினால் 55. மலைவிளிம்பில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவரை ஓரடி பின்னே தள்ளுவது போன்றது இது. அட்டன் 1,271 மீற்றர், பண்டாரவளை 1,225 மீற்றரளவு, அப்புத்தளை 1,431 மீற்றர். இவ்விடங்களில் விளிம்பு இன்னும் சற்றுத் தள்ளி இருக்கும். கண்டிக்கு இது பெரிதாகப் பொருந்தாது.

மலையில் வாழ்வதே சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2009இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, உயரமான இடங்களில் வாழும் டயலிசிஸ் நோயாளர்களிடையே இறப்பு வீதம் தாழ்வான இடங்களிலும் குறைவு என்றே கண்டது. ஒட்சிசன் குறைந்த காற்று உடலைத் தூண்டிச் செங்குருதிக் கலங்களைக் கூடுதலாக ஆக்கச் செய்வது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் எண்ணம். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று நம் கிழவர்கள் சொன்னதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் உடல் பழகிக்கொள்வது வேறு; நான்கு மணி நேரத்துக்குள் இறங்குவது வேறு. பின்னதைப் பற்றியே நான் பேசுகிறேன்.

அடுத்து குருதிச்சோகை. இங்கேதான் விரல் மானி நம்மை ஏமாற்றுகிறது. சிறுநீரகம் பழுதானால் எரித்ரோபொயட்டின் என்ற ஓமோன் குறைகிறது. அது குறைந்தால் செங்குருதிக் கலங்கள் குறைகின்றன. கொழுந்து பறிக்கும் நம் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு முன்னரே உண்டு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருப்பதை மருந்தகத்தில் தினமும் கண்டிருக்கிறேன். மானி காட்டுவது, இருக்கின்ற ஈமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஒட்சிசனைச் சுமக்கிறது என்பதை மட்டுமே. சுமப்பதற்கு எத்தனை கூடைகள் இருக்கின்றன என்று அது சொல்வதில்லை. ஒரு கிராம் ஈமோகுளோபின் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். ஒரு டெசிலீற்றர், அதாவது 100 மில்லிலீற்றர், குருதியில் ஈமோகுளோபின் 12 கிராம் உள்ள ஒருவருக்கு மானி 88 காட்டினாலும் அந்த அளவு குருதியில் 14 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருக்கும். ஈமோகுளோபின் 7 உள்ளவருக்கு மானி 98 காட்டினாலும் 9 மில்லிலீற்றர்தான். 98ஐக் கண்டு திருப்தியடைந்து வீட்டுக்கு அனுப்பப்படுபவர் இந்த இரண்டாமவர். என் தங்கைக்கு அன்று ஈமோகுளோபின் 7.8, மானியில் 88. இரண்டும் ஒருசேரக் குறைந்திருந்தன; ஆரோக்கியமான ஒருவர் சுமக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டே அவர் அக்கட்டிலில் கிடந்தார். ஆகவே நான் கேட்கும் நிரலின் தலைப்பிலேயே, அம்மாதத்து ஈமோகுளோபினை எழுதச் சிறியதொரு கட்டமும் வேண்டும். எரித்ரோபொயட்டின் ஊசி வைத்தியசாலையில் இல்லாத வாரங்களில் அந்தக் கட்டமே பேசும்.

மானியைப் பற்றிச் சில வார்த்தைகள். 1974இல் தக்குவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியியலாளர் கண்ட கோட்பாட்டில் இயங்கும் இக்கருவி, விரலினூடே இரு நிற ஒளியைச் செலுத்தித் துடிக்கும் குருதி எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறது. துடிப்பு விரலுக்கு வராவிட்டால் கணக்கும் வராது. நம் குளிரில் விரல்கள் விறைத்திருக்கும்போது அது பொய் சொல்லும். நகப்பூச்சு இருந்தாலும் பொய் சொல்லும். பிஸ்டியுலா கையில் என்ன ஆகும் என்பதை நான் பட்டறிந்தேன். கருந்தோலுடையவர்களுக்கு உண்மையிலும் கூட்டிக் காட்டுவதாக 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு எச்சரித்தது. நம் மக்களின் தோல் நிறத்தை எண்ணிப் பார்த்தால், மானி 91 காட்டும்போது நிம்மதியடைய முடியாது. நோயாளியின் கையைக் கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கி, பிஸ்டியுலா இல்லாத கையில் மாட்டி, எண் அசையாமல் நிற்கும்வரை அரை நிமிடம் காத்திருந்து எழுத வேண்டும். மூன்று தடவை எழுதினால் போதும்: இயந்திரத்தில் ஏற்றுமுன், ஏற்றி ஒரு மணி நேரத்துக்குள், வீட்டுக்கு அனுப்புமுன். உறங்குபவருக்கு இடையிலும் ஒருமுறை பார்க்கலாம்.

ஏற்கெனவே வேலைப்பளுவில் திணறும் தாதியர் மீது இன்னொரு வேலையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குருதி அமுக்கம் பார்க்கும் அதே நேரத்தில் மாட்டிக் கழற்றும் வேலை இது என்பதே என் பதில். வார்டுகளில் உள்ள பல கண்காணிப்புக் கருவிகளில் குருதி அமுக்கத்துடன் ஒட்சிசன் செறிவும் சேர்ந்தே தெரிகிறது. என் தங்கையின் கட்டிலருகே இருந்த கருவியிலும் அதற்கான கம்பி சுருட்டிப் பின்னால் கட்டப்பட்டிருந்தது. எழுத இடமில்லாததால் மாட்ட வேண்டும் என்ற எண்ணமும் எவருக்கும் வரவில்லை. அலுவலகங்களில் காலம் கழித்தவர்களுக்கு இது புரியும். படிவத்தில் கட்டம் இருந்தால் அது நிரப்பப்படும்.

ஒட்சிசன் குழாயை மாட்டுவதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணைக் கண்ட பிறகு ஏன் என்று தேட வேண்டும். என் தங்கை விடயத்தில் வைத்தியர் மார்புப் படம் எடுக்கச் சொன்னார். இரு நுரையீரல்களின் அடியிலும் நீர் கோத்திருந்தது. ஆறு மாதமாக அவருடைய உலர் எடை, அதாவது மிகை நீரெல்லாம் எடுத்த பின் இருக்க வேண்டிய எடை, 46 கிலோ என்றே தாளில் எழுதப்பட்டு வந்தது. அந்த ஆறு மாதத்தில் அவர் பசியற்று மெலிந்துபோனார். தசை குறைந்த இடத்தை நீர் நிரப்பியது. தராசு முள் மட்டும் அசையவில்லை. இயந்திரம் ஒவ்வொரு முறையும் 46க்குக் கொண்டுவந்து நிறுத்தியது. எல்லோரும் சரி என்றோம். தினமும் பார்க்கும் நானும், "தங்கச்சி, கன்னம் ஒட்டிப்போச்சே" என்று சொன்னேனேயொழிய, கன்னம் ஒட்டியவருக்கு எடை ஏன் குறையவில்லை என்று கேட்கவில்லை. அடுத்த நான்கு டயலிசிஸில் உலர் எடையைச் சிறிது சிறிதாக 44.5க்கு இறக்கினார்கள். இப்போது அவர் 93இல் தொடங்குகிறார். 90க்குக் கீழே இறங்குவதில்லை. முதல் மாதத்திலிருந்தே ஒட்சிசன் எழுதப்பட்டிருந்தால், 94, 93, 91 என்று அது இறங்கிவந்திருப்பதை யாராவது ஒருவர் கண்டிருப்பார்.

வீட்டுத் தரப்பில் எங்கள் குறையும் உண்டு. கருவாடும் சம்பலும் இல்லாமல் ரொட்டி இறங்காது. உப்பு இறங்கினால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் பிளேன்டீ. குளிருக்கு ஒரு நாளில் எத்தனை கோப்பை போகிறது என்று கணக்கு வைக்கும் வீடு எது? இப்போது தங்கைக்கென்று ஒரு போத்தலில் அன்றைய நீரை அளந்து ஊற்றி வைக்கிறோம். தேநீரும் அதிலிருந்தே போக வேண்டும். முதல் வாரம் என்னோடு பேசவே மாட்டேன் என்றார்.

வீடு திரும்பும் பயணத்தையும் அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் நோயாளர்களில் பலர் வைத்தியசாலையிலிருந்து மேல்நோக்கியே வீடு போகிறார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், பிறகு ஓட்டோ, ஓட்டோ போகாத இடத்தில் தேயிலை மலைக்குள் படிக்கட்டு. டயலிசிஸ் முடிந்து களைத்த உடம்போடு, ஒட்சிசன் 89இல் இருக்கும் ஒருவரை அப்படி அனுப்பலாமா என்பது வைத்தியர் முடிவு செய்ய வேண்டிய விடயம். முடிவு செய்ய அவருக்கு அந்த எண் வேண்டும். தேவையானால் அரை மணி நேரம் கிடத்தி மீண்டும் பார்க்கலாம். மூச்சிரைப்பு அடங்காவிட்டால் தங்க வைக்கலாம். இரவில் மூச்சு முட்டினால் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதும், அந்த அம்புலன்ஸில் ஒட்சிசன் உண்டு, கட்டணம் இல்லை என்பதும் பல தோட்டங்களில் இன்னும் தெரியாது. மூச்சு வாங்கினால் "பனி சேரலை" என்று கம்பளியைப் போர்த்திக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கும் பழக்கமே நீடிக்கிறது. சிறுநீரக நோயாளிக்குக் கொத்தமல்லித் தண்ணீரும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

மொழி பற்றியும் ஒரு சொல். எங்கள் பிரிவில் தாதியர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாதது போலவே என் தங்கைக்குச் சிங்களம் தெரியாது. நான் உடனில்லாத நாட்களுக்காக "ஹுஸ்ம கன்ன அமாருய்", மூச்சுவிடக் கஷ்டமாக இருக்கிறது, என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். அன்று காலை உதடு நீலம் பாரித்த நேரத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. ஒட்சிசன் குறையும்போது பலருக்கு மூச்சு முட்டுவது போலத் தோன்றாமலே உறக்கமும் மந்தமும் வந்துவிடுகின்றன; சொல்ல வேண்டும் என்று தோன்றாதவருக்கு எந்த மொழியில் கற்றுக்கொடுத்து என்ன? விரலில் மாட்டிய மானிக்கு அந்தத் தடை இல்லை.

நான் கேட்பதைச் செய்யப் புதிய கட்டிடமோ வெளிநாட்டு உதவியோ தேவையில்லை. பொலன்னறுவையில் 2021இல் சீன உதவியுடன் திறக்கப்பட்ட சிறுநீரக வைத்தியசாலை போன்றதொன்று மலையகத்துக்கும் வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும், நானும் கையெழுத்திடுவேன். அது வருவதற்கு ஆண்டுகள் ஆகும். தாளில் ஒரு கோடு கிழிப்பதற்கு அடுத்த தடவை படிவம் அச்சிடும் நாள் போதும். அச்சிடப்பட்டவை தீரும்வரை தாதியர் பேனாவால் கிழித்துக்கொள்ளலாம். சிறுநீரக வைத்திய நிபுணர்கள், எந்த எண்ணில் ஒட்சிசன் தொடங்க வேண்டும், எந்த எண்ணில் வைத்தியரை அழைக்க வேண்டும் என்பதை உயரமான இடங்களுக்கென்று தனியாக வகுத்துத் தர வேண்டும். கொழும்பில் எச்சரிக்கையாகக் கொள்ளப்படும் 94, நுவரெலியாவில் நல்ல ஆரோக்கியத்தின் எண் என்பதால், கொழும்பின் வரம்பை அப்படியே இங்கே ஒட்டினால் தேவையற்ற பதற்றமும் ஒட்சிசன் விரயமும்தான் மிஞ்சும்.

இதற்கிடையில் நாங்கள் ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறோம். தங்கை கட்டிலில் ஏறுமுன், ஒரு மணி நேரம் கழித்து, இறங்கிய பின் என மூன்று எண்களையும், அன்றைய எடையையும், அந்த மாதத்து ஈமோகுளோபினையும் நான் எழுதுகிறேன். விடுமுறைக்கு வரும்போது மருமகன் எழுதுகிறான். அவனுடைய கையெழுத்து என்னுடையதிலும் தெளிவு. அன்று என் தவறைத் திருத்திய அதே தாதி, நான் மறந்தாலும் "அய்யே, பொத்த?" என்று கொப்பியைக் கேட்டு வாங்கி எண்ணைத் தாமே எழுதிவிட்டுப் போகிறார். அடுத்த மாதம் கிளினிக்கில் நிபுணரிடம் அக்கொப்பியைக் காட்டவிருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர்,
கந்தப்பளை.